விலக்கில் திரும்பினால் கடல்

கோத்தகிரியிலிருந்து எழுதியிருக்கும் தம்பியின் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நண்பர்கள் மூவர், தை மாதத்தில் ஐந்து நாள் விடுப்பு, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வண்டி நடமாட்டம் இல்லாத சாலைகளில் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்கள். ராமநாதபுரம் கடற்கரையில் அதேபோல லாரியும் பஸ்ஸும் துரத்தாத பாதை உண்டா, உண்டென்றால் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது, சமதரைதானே, நாளொன்றுக்கு 120 கிலோமீட்டர் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

பாதை உண்டு. 120 கிலோமீட்டர் வேண்டாம். இரண்டுக்கும் காரணம் இருக்கிறது.

மலையில் ஆளில்லாத சாலை எப்படி உருவாகிறது என்பது உங்களுக்கே தெரியும். ஏற்றம் கடுமையாக இருந்தால் லாரி ஒதுங்கிக்கொள்ளும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பார்த்தபின் எந்த ஓட்டுநரும் குறுக்குவழி என்று அந்தப் பக்கம் திரும்ப மாட்டார். சரிவுதான் அங்கே காவல்காரன். எங்கள் பக்கம் நிலம் தாம்பாளத்தைப் போலக் கிடக்கிறது. ராமநாதபுரம் நகரத்திலிருந்து கடல்வரை உருட்டிவிட்ட பந்து எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கும். வண்டிகளைத் தடுக்க இங்கே சரிவு இல்லை, கடல் இருக்கிறது. கடலில் போய் முடிகிற சாலைக்கு அந்த ஊர்க்காரரைத் தவிர வேறு யாரும் வர வேண்டியதில்லை.

வரைபடத்தை விரித்துப் பார்த்தால் ஒரு சீப்பு தெரியும். தொண்டியிலிருந்து ராமநாதபுரம் வழியாக சாயல்குடி நோக்கி இறங்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை சீப்பின் தண்டு. அதிலிருந்து கடலை நோக்கிப் பிரியும் சிறு சாலைகள் பற்கள். அந்தப் பிரிவுக்கு எங்கள் பக்கத்தில் ‘விலக்கு’ என்று பெயர். முள்ளிமுனை விலக்கு, வாலிநோக்கம் விலக்கு என்று பஸ் நடத்துநர் குரல் கொடுப்பார். மீன்கூடையோடு நாலு பேர் இறங்குவார்கள். விலக்குச் சாலையில் காலையில் ஐஸ் ஏற்றிய மீன்வண்டி ஒன்று, பள்ளி வேன் ஒன்று, எப்போதாவது ஒரு மினி பஸ், அப்புறம் ஆடுகள். அவ்வளவுதான் போக்குவரத்து.

வெளியூரிலிருந்து சைக்கிளில் வருகிற பெரும்பாலோர் செய்யும் தவறு, கிழக்குக் கடற்கரைச் சாலை என்ற பெயரை நம்பிவிடுவது. எங்கள் மாவட்டத்தில் அந்தச் சாலையில் நின்று கடலைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். பெரும்பாலான தூரத்துக்கு இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம்தான். நாகப்பட்டினம் பக்கமிருந்து தூத்துக்குடிக்குப் போகும் லாரிகளும், நேராகக் கிடக்கும் சாலையைப் பார்த்ததும் வேகம் கூடிவிடும் கார்களும் தோளை உரசிக்கொண்டு போகும். மதுரை–ராமேசுவரம் நெடுஞ்சாலை அதைவிட மோசம். சுற்றுலா வேன்களின் பந்தயத் திடல் அது. ஆகவே தண்டை ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்குத் தாவ மட்டும், அதுவும் காலை எட்டு மணிக்குள், பயன்படுத்துங்கள். போன வழியே திரும்ப வேண்டியிருக்கிறதே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். போகும்போது ஒரு சாலை, திரும்பும்போது வேறு சாலை. நடுவில் மாறியிருப்பது காற்று.

உங்கள் 120 கிலோமீட்டர் அடிபடுவதும் அந்தக் காற்றால்தான். மலையில் ஏற்றம் எங்கே தொடங்கும், எங்கே முடியும் என்று முன்கூட்டியே தெரியும். ஏறியதற்கு இறக்கம் கூலியாகக் கிடைக்கும். எதிர்காற்றுக்கு உச்சி கிடையாது. நாள் முழுக்க ஏறிக்கொண்டே இருப்பீர்கள், உயரம் மட்டும் கடல் மட்டத்திலேயே இருக்கும்.

எங்கள் கடலோடிகள் காற்றுக்குத் திசை பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்: வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கும் தென்மேற்குமாக அடிப்பது கச்சான். வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சானின் ஆட்சி. அந்த மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் கொந்தளிக்கும். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் குளம்போலக் கிடக்கும். வாடைக் காலத்தில் இது தலைகீழ். பொதுவாக அமைதியான வடகடலைப் பெண் கடல் என்றும், முரட்டுத் தென்கடலை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். பாம்பனுக்குப் போகிற தரைமுனை குறுகலானது. இரண்டு கடலையும் ஒரே நாளில் சைக்கிளில் தொட்டுவிடலாம்.

ஓர் ஆனி மாதம், அறியாமல் தனுஷ்கோடிக்கு ஓட்டிப் போனேன். போகும்போது கச்சான் முதுகுப் பக்கமாகத் தோளைத் தள்ளிவிட்டது. நமக்கு இன்னும் வயதாகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். திரும்பும்போது அதே காற்று வாரி இறைத்த மணல் கன்னத்தில் ஊசியாகக் குத்தியது. முகத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு, ஆகக் குறைந்த கியரில், நடைவேகத்துக்குச் சற்று மேலே வந்து சேர்ந்தேன். வழியில் ஒரு மீனவர், “சைக்கிளுக்குப் பாய் கட்டியிருந்தால் போகும்போது லாபம், வரும்போது நட்டம்” என்றார். அன்றிலிருந்து தூரத்தைக் கணக்குப் போடுவதை விட்டுவிட்டேன். முதலில் காற்று, அடுத்தது மணி, கடைசியில்தான் கிலோமீட்டர்.

நீங்கள் வருவது தை மாதம். வாடைக்கொண்டல், அதாவது வடகிழக்குக் காற்று, அடித்துக்கொண்டிருக்கும். ஆகவே தொண்டியில் தொடங்கித் தெற்கே இறங்குங்கள். சாயல்குடி வரை காற்று பெரும்பாலும் உங்கள் முதுகிலோ இடப்பக்கத் தோளிலோதான் இருக்கும். கச்சான் காலத்தில் வருகிறவர்கள் இதே வழியைத் தலைகீழாக, சாயல்குடியிலிருந்து வடக்கே ஓட்ட வேண்டும்.

தேதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கார்த்திகை, மார்கழி முழுக்க ஐயப்ப பக்தர்களின் வேன்கள் சபரிமலையிலிருந்து ராமேசுவரத்துக்கும் வந்து திரும்பும். இரவெல்லாம் ஓட்டிவந்து தூக்கம் சொக்கும் ஓட்டுநர்கள். அவர்களோடு பாம்பன் பாலத்தைப் பகிர்ந்துகொள்வது நல்லதல்ல. மகரஜோதி முடிந்து பொங்கல் விடுமுறைக் கூட்டமும் கலைந்தபின் வாருங்கள். தை அமாவாசை என்றைக்கு என்று நாள்காட்டியில் பார்த்து, அன்று ராமேசுவரம், தேவிபட்டினம், சேதுக்கரை மூன்றின் பக்கமும் போகாமல் திட்டமிடுங்கள். சனி, ஞாயிறு இரண்டும் தெற்குக் கரைக்கு. வாரநாள்கள் ராமேசுவரம் தீவுக்கு. இந்த ஒரு மாற்றமே உங்களைப் பாதி வண்டிகளிடமிருந்து காப்பாற்றிவிடும்.

இனி வழி. காரைக்குடி வரை ரயிலிலோ பஸ்ஸிலோ வந்துவிடுங்கள். ரயில் என்றால் சைக்கிளை பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். காரைக்குடியில் வண்டி நிற்பது சில நிமிடங்களே என்பதால் இறங்கியதும் பிரேக் வேன் பக்கம் ஓடத் தயாராக இருங்கள். தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டி ஏறத்தாழ 50 கிலோமீட்டர். முதல் நாளுக்கு அது போதும். இந்த வழி அப்படியொன்றும் அமைதியானதல்ல, பாராட்டவும் ஒன்றுமில்லை. விடியலில் கிளம்பி முடித்துவிடுங்கள். ஒரு வேடிக்கை மட்டும் உண்டு: கொச்சியில் புறப்பட்டு மூணாறு மலையேறி, போடிமெட்டு வழியாக இறங்கி, மதுரையைக் கடந்து வரும் தேசிய நெடுஞ்சாலை 85 கடைசியில் கடலைத் தொடுவது இந்தத் தொண்டியில்தான். மலைக்காரரான உங்களுக்கு ஒருவிதத்தில் தாய்மாமன் வீட்டுச் சாலை.

இரண்டாம் நாள்தான் சீப்பின் முதல் பற்கள். தொண்டியிலிருந்து நம்புதாளை வழியாகத் தெற்கே வந்து முள்ளிமுனை, காரங்காடு பக்கம் திரும்புங்கள். காரங்காட்டில் அலையாத்திக் காடு இருக்கிறது. வனத்துறையினர் உள்ளூர் மக்களைக் கொண்டு படகு ஓட்டுகிறார்கள். துடுப்பு போடும் சிறு படகுகளும் உண்டு. சைக்கிளைக் கரையில் பூட்டிவிட்டு ஒரு மணி நேரம் அந்த ஓடைகளுக்குள் போய்வாருங்கள். வேர்கள் சேற்றிலிருந்து ஈட்டிபோல மேலே எழுந்து நிற்பதையும், நண்டுகள் அவற்றுக்கிடையே ஓடுவதையும் பார்த்தால், சோலைக்காட்டுக்கு இணையாக எங்களிடமும் ஒன்று இருக்கிறது என்று ஒப்புக்கொள்வீர்கள். வெயில் ஏறுமுன் போக வேண்டும்; ஏறியபின் பறவைகள் அடங்கிவிடும்.

அங்கிருந்து உப்பூர் வந்து, கால்களில் வலு மிச்சமிருந்தால் மேற்கே ராஜசிங்கமங்கலம் கண்மாயைப் பார்த்துவிட்டு வரலாம். இது கடற்கரை அல்ல, ஆனாலும் விடாதீர்கள். ‘நாரை பறக்காத 48 மடைக் கண்மாய்’ என்று இதற்குப் பெயர். ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நாரையால் ஒரே மூச்சில் பறக்க முடியாது என்பது பேச்சு. கரையில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் வயல், வண்டி என்று சொல்ல மாட்டுவண்டி மட்டும். மழை நன்றாகப் பெய்த ஆண்டென்றால் தை மாதத்தில் நீர் தளும்பும். கரை மண் ஈரமாக இருந்தால் ஏறாதீர்கள். எங்கள் கரிசல் களிமண் டயரில் அப்பிக்கொண்டால் மட்கார்டு அடைத்து சக்கரமே சுற்றாது. அதைக் குச்சியால் நோண்டி எடுப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

உப்பூரிலிருந்து திருப்பாலைக்குடி, தேவிபட்டினம். மோர்ப்பண்ணை போன்ற மீனவ ஊர்களுக்குப் பிரியும் விலக்குகள் இந்தத் துண்டில்தான் இருக்கின்றன. எதில் திரும்பினாலும் முடிவில் வலை உலர்த்தும் திட்டும் ஒரு டீக்கடையும் இருக்கும். உப்பளங்களும் இந்தப் பக்கம் உண்டு. தை மாதத்தில் பாத்திகளைச் சீர்செய்து கொண்டிருப்பார்கள், உப்பு வாரும் காலம் கோடைதான். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைப் பார்த்துவிட்டு, 15 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ராமநாதபுரத்தில் தங்குங்கள்.

மாசி, பங்குனியில் வருகிறவர்களுக்கு ஒரு கூடுதல் காட்சி: சாலையின் பாதி அகலத்துக்கு மிளகாய் காயும். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குண்டுகுண்டாக, கருஞ்சிவப்பாக இருக்கும். காயும் மிளகாயின் மேல் சைக்கிள் ஏற்றுவது எங்கள் ஊரில் பெரிய குற்றம். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். காரும் லாரியும் அந்தச் சாலைகளைத் தவிர்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதால் மிளகாய்க்கு நாம் நன்றிதான் சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் மண்டபம் போக வேண்டும். நெடுஞ்சாலையில் 37 கிலோமீட்டர். ஓர் அவசரமும் இல்லாததால் அதில் போகாதீர்கள். தேவிபட்டினம் சாலையில் சிறிது வந்து சித்தார்கோட்டை, பனைக்குளம், அழகன்குளம், ஆற்றங்கரை என்று வடகடலை ஒட்டிய ஊர்களின் வழியே சுற்றுங்கள். தென்னந்தோப்புகள், மணல் திட்டுகள், வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் கட்டிய பெரிய வீடுகள், அவற்றின் முன்னே குடங்கள் அடுக்கிய தள்ளுவண்டிகள். நல்ல தண்ணீருக்காக நாலைந்து குடம் வைக்கும் அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு பெண்கள் போவது இந்த மாவட்டத்தின் அன்றாடக் காட்சி. உங்கள் புட்டியை நிரப்பக் கேட்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்; அதனாலேயே கேட்பதற்குமுன் யோசிக்க வேண்டும். தண்ணீரைக் கடையில் வாங்கிவிடுங்கள். கிணற்று நீர் பல ஊர்களில் உவர்ப்பு, தாகம் தீராது.

அழகன்குளத்தில் இப்போது பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் 1986இல் தொடங்கி தமிழகத் தொல்லியல் துறை பல கட்டங்களாக அகழாய்வு செய்த ஊர் அது; ரோமானிய நாணயங்களும் மண்பாண்ட ஓடுகளும் கிடைத்தன. வைகை கடலில் கலக்கும் இடத்துத் துறைமுகம். கலக்கும் என்பதைக் கொஞ்சம் பெருந்தன்மையோடு படிக்க வேண்டும்: பல ஆண்டுகளில் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு ஆறு நின்றுவிடும். ஆற்றங்கரைக்குப் போய் நதி எங்கே என்று தேடினால் மணல்தான் பதில் சொல்லும்.

ஆற்றங்கரையிலிருந்து உச்சிப்புளி வந்ததும் முடிவெடுக்க வேண்டும். வடக்கே அரியமான் கடற்கரை. சுந்தரமுடையானில் பிரிந்தால் சவுக்குத் தோப்பின் நிழலில் ஆழமில்லாத, அலையில்லாத கடல். தெற்கே புதுமடம், பெரிய அலை, ஆளில்லாத மணல். அரியமானுக்கு ஞாயிற்றுக்கிழமை போனால் ஒலிபெருக்கியும் பிரியாணிப் பொட்டலமும்தான். வாரநாளில் வடக்கு, வார இறுதியில் தெற்கு என்பது என் வழக்கம். அன்று இரவு மண்டபத்தில் தங்கிவிடுங்கள்; பாலத்தை மாலையில் கடக்க ஆசைப்படாதீர்கள்.

பாலத்தை எப்போது கடப்பது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பயணம் முழுவதிலும் உண்மையில் அபாயமான இடம் அது ஒன்றுதான். 1988இல் திறக்கப்பட்ட சாலைப் பாலம், இரண்டே கால் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அடியில் படகுகள் போவதற்காக நடுவில் உயர்ந்து இறங்குகிறது; உங்கள் ஐந்து நாள் பயணத்தில் ஏற்றம் என்று ஒன்று வருவது அங்கேதான், கோத்தகிரிக்காரர் சிரிக்கும் அளவுக்கு. கஷ்டம் ஏற்றத்தால் அல்ல. ரயில் பாலத்தைப் பார்க்க வண்டிகளை அங்கங்கே நிறுத்திக் கதவைத் திறப்பார்கள். படம் எடுக்கிறவர் பின்னால் பார்க்காமல் சாலைக்குள் நகருவார். பக்கக் காற்று திடீரென்று உங்களை அவர்கள்மேல் தள்ளும். பாலத்தின் இணைப்பு இடைவெளிகளில் மெல்லிய டயர் சிக்கலாம், நேர்குத்தாகக் கடக்க வேண்டும். ஆகவே நான்காம் நாள் விடிந்தும் விடியாத நேரம், பின்விளக்கை எரியவிட்டு, ஒருவர் பின் ஒருவராகப் போய்விடுங்கள். அந்த நேரத்தில் பாலம் உங்களுடையது. 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்கு மாற்றாக 2025 ஏப்ரலில் திறந்த, நடுப்பகுதி செங்குத்தாக மேலெழும் புதிய பாலம் பக்கத்திலேயே கிடக்கும். கதிர் எழும்போது வடகடல் வெள்ளி, தென்கடல் ஈயம்.

தீவுக்குள் நுழைந்ததும் ராமேசுவரம் நோக்கி விரையாமல் வலப்புறம் குந்துகால் சாலையில் திரும்புங்கள். முழுக்க முழுக்க முட்டுச்சாலை. 1897 ஜனவரி 26 அன்று, மேலைநாட்டுப் பயணம் முடிந்து இலங்கை வழியாக வந்த விவேகானந்தர் கரை இறங்கிய இடம். நினைவு மண்டபம் இருக்கிறது. அதன் எதிரே குருசடைத் தீவு தெரியும். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அது ஒன்று. வனத்துறை அனுமதி இல்லாமல் தீவுகளில் கால் வைக்கக்கூடாது. கரையில் ஒதுங்கும் பவளத்துண்டையும் எடுத்துப் பையில் போடாதீர்கள், யாராவது விற்றாலும் வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் குற்றம். கடல் அட்டைக் கடத்தலுக்காகச் சோதனைச்சாவடிகள் விழிப்பாக இருக்கும் பகுதி இது.

ராமேசுவரத்தில் மலை ஒன்றும் உண்டு என்று சொன்னால் நம்புவீர்களா? கந்தமாதன பர்வதம் என்று பெயர். பர்வதம்! கோயிலிலிருந்து சில கிலோமீட்டரில், மணல்மேட்டின் உச்சியில் ராமர் பாதம் வைத்த மண்டபம். தீவின் மிக உயர்ந்த இடம் அதுதான். உங்கள் ஊரில் அதற்கு மேடு என்றுகூடப் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் மேலே ஏறி நின்றால் தீவு முழுக்கப் பனையும் தென்னையும், சுற்றிலும் கடல். நிலம் எவ்வளவு தட்டையாக இருக்கிறதோ அவ்வளவு தூரத்துக்கு ஒரு சிறு மேடே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

தனுஷ்கோடி பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், நான் குறைத்துக்கொள்கிறேன். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் சாலை 2017இல் போட்டு முடித்தபின் கூட்டம் பெருகிவிட்டது. இரண்டு கடல்களுக்கு நடுவே நேர்கோடாகப் போகும் அந்தச் சாலை சைக்கிளுக்கென்றே போட்டதுபோல இருக்கும், காலை எட்டரை மணி வரை. அதற்குப் பிறகு வேன்கள். முடிந்த அளவு சீக்கிரம் சாவடியில் நுழைந்து, வெயிலுக்குமுன் திரும்பிவிடுங்கள். தை மாதக் காற்று போகும்போது சற்று மறித்தாலும் வரும்போது தள்ளிவிடும். மாலையில் எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள், இரவு தங்க அனுமதி இல்லை. முனையில் கடலில் இறங்காதீர்கள். வழியில் உப்பங்கழிப் பக்கம் பூநாரைகள் நிற்கக்கூடும். 2025இல் அந்தப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள்.

அன்றிரவு ராமேசுவரத்தில் தங்கி, மறுநாள் காலை சைக்கிளோடு மதுரை ரயில் ஏறி ராமநாதபுரத்தில் இறங்கிவிடுங்கள். வந்த வழியே 55 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் திரும்புவதில் எந்தப் பெருமையும் இல்லை. பார்சல் அலுவலகத்தில் முந்தைய மாலையே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் நாள் தெற்குக் கரை. நகரத்தை விட்டு வெளியேறும்போதே சக்கரக்கோட்டைக் கண்மாய் வந்துவிடும். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இருக்கும் பறவைகள் சரணாலயம். கூழைக்கடாக்களையும் செங்கால் நாரைகளையும் சைக்கிளில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். பிறகு திருப்புல்லாணி, நகரத்திலிருந்து 10 கிலோமீட்டர். ராமர் தர்ப்பையில் கிடந்த கோலம் இங்குள்ள ஆதிஜெகந்நாதப் பெருமாள் கோயிலில்தான். அங்கிருந்து 4 கிலோமீட்டரில் சேதுக்கரை, அருமையான ஒரு பல். கீழக்கரையில் கோயில் தூண்களைப் போன்ற கல்தூண்கள் நிற்கும் பழைய பள்ளிவாசல், அப்புறம் தொதல். அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் மணிக்கணக்கில் கிண்டிச் செய்வது. ஒரு துண்டு தின்றால் பதினைந்து கிலோமீட்டருக்குக் கால் ஓடும். விலையுயர்ந்த சக்திப் பொட்டலங்களைச் சுமந்து வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

அன்று ஏர்வாடியில் தங்கலாம். தர்காவுக்கு வருகிறவர்களுக்காக விடுதிகள் நிறைய. ஆறாம் நாள் கிடைத்தால் வாலிநோக்கம். ஆறாம் நாள் கிடைக்காவிட்டால், என்னைக் கேட்டால், தனுஷ்கோடியைத் தள்ளிவிட்டு வாலிநோக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். பலர் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். தனுஷ்கோடியை நீங்கள் ஆயிரம் படங்களில் பார்த்தாகிவிட்டது. வாலிநோக்கம் விலக்கில் திரும்பியதும் இரு பக்கமும் கண்ணுக்கெட்டிய வரை உப்பளப் பாத்திகள். வானம் கீழேயும் ஒன்று கிடக்கும். சாலையில் நீங்கள் மூவரும் உங்கள் நிழலும் மட்டும். காற்று முதுகில் இருக்கும் நாளில் மிதிக்கவே வேண்டாம். சக்கரத்தின் ஓசை மட்டும் கேட்கும், அதுவும் நின்றால் கடல் கேட்கும். அப்படி ஓர் அமைதியை நான் வேறெந்தச் சாலையிலும் கண்டதில்லை. உங்கள் மலையில் ஒரு குருவியாவது கூவிக்கொண்டிருக்கும்.

அங்கிருந்து சாயல்குடி, மாரியூர் பூவேந்தியநாதர் கோயில், மூக்கையூர். பனங்காடு இங்கேதான் அடர்த்தி. தை கடைசியில் சில இடங்களில் பதநீர் இறங்கத் தொடங்கியிருக்கும். காலையில் பனை ஓலைப் பட்டையில் ஊற்றிக் கொடுப்பார்கள். கண்மாயில் நீர் இருந்தால் மேலச்செல்வனூர்–கீழச்செல்வனூர் பறவைகள் சரணாலயத்தோடு பயணத்தை முடித்துக்கொள்ளலாம். ஊர் திரும்ப, தூத்துக்குடி ரயில் நிலையம்.

இனி தொல்லைகள். முதல் தொல்லை முள். சாயல்குடி, கடலாடிப் பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவது பெரிய தொழில். முள்விறகு ஏற்றிய டிராக்டர் போன சாலையில் ஓரத்தில் ஓட்டவே கூடாது. நடுவில் ஓட்டுங்கள், வண்டிதான் வராதே. முள் நீளமானது, உறுதியானது, டயரில் முறிந்து நுனி உள்ளேயே தங்கிவிடும். டியூபை மாற்றிவிட்டு டயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்காமல் மாட்டினால் அடுத்த பர்லாங்கில் மறுபடியும் இறங்குவீர்கள். ஒரே மதியத்தில் நான்கு முறை பஞ்சர் ஒட்டி, நான்கும் ஒரே முள்ளால் என்று கடைசியில் கண்டுபிடித்தவன் சொல்கிறேன். சிறு இடுக்கி ஒன்று அவசியம். 35 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயரோடு வராதீர்கள். மணல் ஏறிய இடங்களில் மெல்லிய டயர் புதைந்துவிடும்.

இரண்டாவது உப்பு. தினமும் மாலையில் செயினையும் பற்சக்கரத்தையும் ஒரு குவளை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விடுங்கள். கடல்மணலில் ஓட்டிப் படம் எடுக்கும் ஆசை உங்கள் நண்பர்களில் ஒருவருக்காவது இருக்கும். அவர் சைக்கிளை அன்றிரவு அவரே கழுவட்டும்.

மூன்றாவது, கடலோரக் காவல். இலங்கை மிக அருகில் இருக்கும் கரை என்பதால் புதிய முகங்களை நிறுத்திக் கேட்பார்கள். ஆதார் அட்டையைக் கையில் வைத்திருங்கள், பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். கடற்கரையில் கூடாரம் போட்டுத் தூங்கும் திட்டம் இருந்தால் கைவிடுங்கள். கடற்படை, கடலோரக் காவல்படை நிலையங்களின் பக்கம் கைப்பேசியை உயர்த்திப் படம் எடுக்காதீர்கள். மீனவ ஊர்களில் நாய்கள் உண்டு. துரத்தினால் இறங்கி நின்றுவிடுங்கள், அவற்றுக்கு ஆர்வம் போய்விடும்.

ஆக ஒரு நாளைக்கு 60, மிஞ்சினால் 70 கிலோமீட்டர். காலை ஐந்தரைக்கு ஏறி பத்தரைக்கு இறங்குங்கள். நடுப்பகலில் பள்ளிவாசல் திண்ணையோ கோயில் மண்டபமோ தேடி உட்காருங்கள். நாலு மணிக்குமேல் ஒரே ஒரு விலக்கு மட்டும் போய்வாருங்கள். டியூப் ஆளுக்கு மூன்று கொண்டு வாருங்கள். உங்கள் மலைச் சைக்கிளின் அளவு ராமநாதபுரத்தைத் தாண்டினால் எந்தக் கடையிலும் கிடைக்காது.